சிசிலியா மிஸ்ஸியும் மஞ்சள் பூசிய பிள்ளையும்

சிசிலியா மிஸ்ஸி இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி மகன் தொலைபேசியில் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "யார் சொன்னது?" என்றுதான். பையன் திகைத்துப் போனான். "நான்தான் சொல்றேன் அங்கிள். காலையில அத்தைக்குக் கோப்பி கொண்டுபோனேன், எந்திரிக்கல" என்றான். "டாக்டர் வந்து பார்த்தாரா?" என்று அடுத்ததையும் கேட்டுவிட்டேன். துக்கம் சொல்ல வந்தவனைப் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தினாற்போல விசாரித்ததற்கு என்மேல் நீங்கள் கோபப்படலாம். ஆனால் மிஸ்ஸியோடு வேலை செய்த உங்களில் பலருக்குத் தெரியும், என் இடத்தில் அவர் இருந்திருந்தால் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார்.

தாதியை மிஸ்ஸி என்றுதான் நாம் அழைத்தோம். மலேசியாவில், கெடா மாநிலத்தின் தெற்கே ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் வார்டில் அவர் மூத்த தாதி. நான் அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் அறையில் இருந்தவன். ஆஸ்பத்திரியின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் எந்த டாக்டர், எந்தத் தோட்டம் என்று கிளற ஆள் வந்துவிடும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்தப் பக்கம் பிள்ளை பெற்ற தமிழர்கள் பாதிப் பேருக்கு அந்த வார்டின் பச்சைச் சுவரும், மிஸ்ஸியின் குரலும் மறந்திருக்காது.

அவர் எவரையும் நம்பமாட்டார். டாக்டரை, என்னை, பிள்ளையின் தாயை, மருந்து கொண்டுவரும் கம்பெனி ஆளை, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை, யாரையும் நம்பமாட்டார். "சந்தேகப் பிராணி" என்று அவருக்கு நாங்கள் பெயர் வைத்திருந்தோம். அது அவர் காதுக்குப் போனது. யார் வைத்தது என்று அதையும் விசாரித்தார்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதை நான் கண்டுபிடித்தது ஆஸ்பத்திரியில் அல்ல, கோலா கெடா மீன் மார்க்கெட்டில். மிஸ்ஸி பிறந்து வளர்ந்தது அந்தக் கடலோர ஊரில்தான். கத்தோலிக்கக் குடும்பம், அப்பாவுக்குப் படகுத்துறையில் வேலை. ஒருமுறை வார்டு ஆட்கள் எல்லாரும் வேன் எடுத்துக்கொண்டு அங்கே போனோம். மீன்காரர் மலாயில், இப்போதுதான் படகிலிருந்து இறங்கியது என்று சத்தியம் செய்தார். மிஸ்ஸி காதில் வாங்கவில்லை. மீனை வெயில் படும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் செவுளைப் பிரித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், திருப்பி வைத்துவிட்டார். "சத்தியம் பண்ணுறாரே மிஸ்ஸி, பாவம்" என்றேன். "மீன்காரன் வாய்க்குச் சம்பளம் உண்டு தம்பி. மீன் கண்ணுக்குக் கிடையாது" என்றார். அன்று மார்க்கெட்டில் பாதியைச் சுற்றிய பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு கிடைத்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் அதே மரியாதைதான் நடந்தது. ஒரு பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்து முடிவு எழுதி அனுப்பினேன். சிறிது நேரத்தில் மிஸ்ஸி நேரே வந்து நின்றார். "தம்பி, இது யாரு ரத்தம்?" என்று கேட்டார். எனக்குச் சுரீரென்றது. "சீட்டுல பேர் இருக்கே" என்றேன். "சீட்டுல இருக்கு. ஆனா இந்தப் புள்ள கட்டில் மேல ஏறிக் குதிக்குது. உங்க கணக்குப்படி அது எந்திரிச்சே நிக்கக் கூடாதுலா" என்றார். மறுபடியும் பார்த்தேன். அந்தமுறை அவர் சொன்னது சரி. அடுத்தமுறை நான் சொன்னது சரி. அதற்கடுத்த முறையும் நான்தான். அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. நான் சரியாக இருந்த நாள்களில் என் மேசையில் ஒரு கருவாட்டுப் பொட்டலம் இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது சொல்லப்போகும் சம்பவத்தை அவர் உயிரோடு இருக்கும்வரை எழுதக் கூடாது என்று தடுத்திருந்தார். அதிலே அவருக்கு ஒரு சந்தேகம் கடைசிவரை பாக்கியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். கோலா கெத்திலுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து பாக்கியம் என்ற பெண் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாக்கியம் பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர்ப் பால் எடுக்கும் வேலை. மகள் அமுதாவுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. வலிப்பு. தோட்டத்தில் அதை வலிப்பு என்றுகூட வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பெண் பிள்ளை, நாளைக்கு யார் கட்டுவார்கள் என்ற பயம். "சூடு ஏறிருச்சு" என்பார்கள், "பயந்துருச்சு" என்பார்கள். பிள்ளையின் கையில் ஓர் இரும்புச் சாவியைத் திணித்திருப்பார்கள். மிஸ்ஸி அந்தச் சாவிகளைப் பிடுங்கிப் பிடுங்கி, வார்டு மேசை இழுப்பறையில் ஒரு சிறு குவியலே கிடந்தது.

பிள்ளை தலையிலிருந்து கால்வரை மஞ்சள் பூசி, மஞ்சள் சட்டை போட்டு, வேப்பிலை வாசத்தோடு வந்தது. தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்த்தி. வலிப்பு நின்றால், திருவிழா முடியும்வரை பிள்ளையைத் தினமும் மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி வைப்பதாகப் பாக்கியம் வேண்டியிருந்தாள். வலிப்பும் நின்றது, நேர்த்தியும் தொடங்கியது. இப்போது வலிப்பு திரும்பி வந்துவிட்டதென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தாள்.

பிள்ளை சோர்ந்து கிடந்தது. "மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் தூங்கும்" என்றாள் தாய். சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி. "வெறும் வயித்துல மருந்து குடுத்தேன், அதான்." உடம்பெல்லாம் மஞ்சள். "மஞ்ச பூசியிருக்கேன் மிஸ்ஸி." வார்டில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தோட்டத்திலிருந்து திருவிழாக் காலத்தில் வரும் பிள்ளைகள் எல்லாமே மஞ்சளாகத்தான் வரும். நானும் அன்று அங்கே நின்றேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மிஸ்ஸிக்குத் தோன்றியது. "ஒரே புள்ளைக்கு எதுக்கு இத்தன சாக்கு?" என்றார். பிள்ளையைத் தூக்கினார். வார்டுக்குள் எரிந்த விளக்கில் அழுது வடியும் மஞ்சள் வெளிச்சம். அவர் பிள்ளையோடு வெளி வராந்தாவுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் நின்று, கட்டைவிரலால் கீழ் இமையை மெல்ல இழுத்தார். மஞ்சள் அரைத்துப் பூசுகிறவர்கள் கண்ணுக்குள்ளே பூசுவதில்லை. அந்தப் பிள்ளையின் கண்ணின் வெள்ளை, பழுத்த வாழைப்பழத் தோல்போல இருந்தது.

ரத்தத்தை மிஸ்ஸியே கையில் கொண்டுவந்தார். அதைச் சுழற்றி வைத்தால் சிவப்பெல்லாம் கீழே இறங்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்த நீர் வைக்கோலின் நிறத்தில் இருக்க வேண்டும். அமுதாவின் ரத்தத்தில் அது தேயிலைச் சாயம் மாதிரி நின்றது. ஈரல் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் எல்லாவற்றையும் போட்டேன், ஒவ்வொன்றும் ஈரல் அடிபட்டிருப்பதையே சொன்னது. அவர் வந்து "யாரு ரத்தம்?" என்று கேட்குமுன் நானே எல்லாவற்றையும் இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வார்டில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. மஞ்சள் காமாலைக் கிருமி, தோட்டத்துத் தண்ணீர் சரியில்லை என்று நான் நினைத்தேன். டாக்டர் இளைஞர், கெட்டிக்காரர். தாய் ஏதோ வேரையும் இலையையும் அரைத்துக் கொடுத்து ஈரலைக் கெடுத்திருக்கிறாள் என்று அவர் சந்தேகப்பட்டார். தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, "என் மாத்திரைய எத்தனையோ புள்ளைங்க சாப்புடுது, யாருக்கும் ஒண்ணும் வரல" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். பாக்கியத்துக்கோ அடுத்த வீட்டுக்காரியின் கண்மேல் சந்தேகம். டாக்டர் அவளிடம் என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்டார். "டிரஸ்ஸர் மாத்திரை மட்டும்தான் டாக்டர்" என்றாள். சத்தியமும் செய்தாள்.

மிஸ்ஸி அவளிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் யாருக்கு எந்தப் பதில் பிடிக்குமோ அந்தப் பதில்தான் வரும் என்பது அவர் அனுபவம். "தோட்டத்துப் பொம்பளைங்க பொய் சொல்லமாட்டாங்க தம்பி, பாதி சொல்லுவாங்க. மீதிப் பாதிய இன்னொருத்தருக்கு வச்சிருப்பாங்க" என்பார். மறுநாள் காலை ஒரு தலையணையைப் பாக்கியத்தின் கையில் கொடுத்தார். "இதுதான் உம்மக. காலையில எந்திரிச்சதுலேர்ந்து வீட்டுல என்ன செய்வியோ, ஒண்ணு விடாம செஞ்சு காட்டு" என்றார். இதை அவர் எத்தனையோ தாய்மாரிடம் செய்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதலில் வெட்கப்படுவார்கள், பிறகு கை தானாகப் பழக்கத்துக்குப் போய்விடும்.

பாக்கியம் தலையணையைக் குளிப்பாட்டினாள், துடைத்தாள், மஞ்சள் பூசினாள், விபூதி வைத்தாள். மாத்திரையை நசுக்கிச் சீனித்தண்ணீரில் கரைத்து ஊட்டினாள். பிறகு இடது கையைச் சட்டி பானை அடுக்கிய இடத்துக்குப் பின்னால் விடுவது போல நீட்டி, இல்லாத ஒரு போத்தலை எடுத்து, கரண்டியில் ஊற்றினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அது என்னா?" என்றார் மிஸ்ஸி, சாதாரணமாக.

"செகப்பு மருந்து மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

டிரஸ்ஸரின் மாத்திரைக்கு வலிப்பு நிற்காததால் டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். அங்கே புதிதாக வந்த ஒரு சிவப்புச் சாற்று மருந்து கொடுத்தார்கள், வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து. அதைக் குடித்த பிறகுதான் வலிப்பு நின்றது. டிரஸ்ஸருக்குத் தெரிந்தால், என் மருந்தை மதிக்காமல் வெளியே போனாயா என்று கோபித்துக்கொள்வார், அப்புறம் ஆத்திர அவசரத்துக்கு அவரிடம் போக முடியாது. அதனால் அவர் மாத்திரையையும் நிறுத்தவில்லை. கிளினிக் டாக்டரிடமோ மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவரும் கோபித்துக்கொண்டால்? யார் மனமும் கோணாமல் இருக்க அவள் செய்த ஏற்பாடு எல்லாம் பிள்ளையின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தது.

டாக்டர் இதைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். பினாங்கில் தமக்குத் தெரிந்த நிபுணர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தார். பிறகு எங்களிடம் விளக்கினார். நல்ல மருந்துதான், நிறையப் பேருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் மிகச் சிறு பிள்ளைகளில், அதுவும் இன்னொரு வலிப்பு மருந்தோடு சேர்ந்து போகும்போது, அபூர்வமாக ஈரலைத் தாக்கிவிடும். முதல் சில மாதங்களில்தான் ஆபத்து. சோர்வும் வாந்தியும் வரும், நின்றிருந்த வலிப்பு திரும்பும். சில பிள்ளைகள் பிழைப்பதில்லை என்றும் சொன்னார். சிவப்பு மருந்தை உடனே நிறுத்தச் சொன்னார்.

பாக்கியத்துக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அது ஒண்ணுதானே வலிப்ப நிறுத்துச்சு! அதப் போய் நிறுத்தச் சொல்றீங்க. கிளினிக்காரர் மேல பொறாமையா உங்களுக்கு?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை என்று எனக்குப் பட்டது. மருந்தை நிறுத்தினால் வலிப்பு, கொடுத்தால் ஈரல். எந்தப் பக்கம் போனாலும் பிள்ளை போய்விடுமோ என்ற பயத்தில் அந்தத் தாய் நின்றாள். நாங்களும் அந்தப் பயத்தில்தான் நின்றோம், அவளுக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

அதோடு மிஸ்ஸி இன்னொரு குண்டையும் போட்டார். மஞ்சளையும் நிறுத்த வேண்டும். பிள்ளையின் நிறம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தோலிலும் பார்க்க வேண்டும், இந்தப் பூச்சு இருந்தால் எப்படிப் பார்ப்பது? பாக்கியம் பிள்ளையை அணைத்துக்கொண்டாள்.

"நீங்க வேதக்காரங்க மிஸ்ஸி. உங்களுக்கு எங்க ஆத்தாவப் புடிக்காது. அதான் மஞ்சள அழிக்கச் சொல்றீங்க."

மிஸ்ஸியின் கழுத்தில் சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ சந்தேகப்படுறது நல்லதுதான்" என்றார். "நானா இருந்தாலும் கேப்பேன். இப்ப கேளு. மஞ்ச தண்ணி மிச்சத்த எங்கிட்ட விட்டுடு. இவ எந்திரிச்சு நடந்தா, அடுத்த திருவிழாவுக்கு உங்க கோயிலுக்கு நானே வந்து இவ தலையில ஊத்துறேன்."

"நீங்க ஊத்துனா ஆத்தா ஏத்துக்குமா?"

"ஊத்துற கையப் பாப்பாளா, புள்ளையப் பாப்பாளா? ஆத்தாவும் பொம்பளதானே."

பாக்கியம் நம்பினாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஈரத்துணியை எடுத்து அவளே பிள்ளையைத் துடைத்தாள்.

அதன் பிறகு தினமும் காலையில் மிஸ்ஸி பிள்ளையைச் சன்னலோரம் கொண்டுபோய் இமையை இழுத்துப் பார்ப்பார். இரண்டுமுறை கடுமையாக வலிப்பு வந்தது. டாக்டர் பழைய மாத்திரையின் அளவை மாற்றினார். தினமும் எனக்கு ரத்தம் வந்தது. பல நாள்களுக்கு அந்தத் தேயிலைச் சாயம் மாறவேயில்லை. என் அறையிலிருந்து வார்டுக்குப் போகவே எனக்கு மனம் வராது. ஒருநாள் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஓடிப்போய், "குறையுது மிஸ்ஸி!" என்றேன். "திரும்பப் பாருங்க தம்பி" என்றார். திரும்பப் பார்த்தேன். குறைந்துதான் இருந்தது. அன்று அமுதா சன்னலோரம் போனதும், மிஸ்ஸி கை வைப்பதற்குள் தானே மேலே பார்த்து, தன் குட்டி விரலால் கீழ் இமையை இழுத்துக் காட்டியது. அப்போதுதான் அந்த மனுஷி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுததைப் பார்த்தேன்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு மிஸ்ஸி போனார். நானும் போனேன், போகிறாரா என்று பார்க்கத்தான். பாக்கியம் பக்கத்திலேயே நின்று, மிஸ்ஸி குடத்தை முழுசாக ஊற்றுகிறாரா என்று கவனித்தாள். மிஸ்ஸி ஊற்றுமுன் தண்ணீரை முகர்ந்து, "எந்தக் கட மஞ்ச இது? கலப்படம் இல்லையே?" என்று விசாரித்தார். இருவரும் சரிக்குச் சரி. கோயில் சேதி தேவாலயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மிஸ்ஸி மதம் மாறிவிட்டார் என்று அங்கே சிலர் பேசினார்கள். பாதிரியாரே கூப்பிட்டுக் கேட்டாராம். "வாக்கு குடுத்தேன் ஃபாதர். நிறைவேத்தாம வந்து இங்க முட்டி போட்டா அது ஜெபமா?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

பல ஆண்டுகள் கழித்து, ஓய்வு பெற்று மெர்கோங்கில் இருந்தவரைப் பார்க்கப் போனபோது, "அந்தச் சிவப்பு மருந்துதானே மிஸ்ஸி காரணம்?" என்று கேட்டேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "மருந்த நிறுத்துனோம், மஞ்சள நிறுத்துனோம், தோட்டத்துத் தண்ணிய நிறுத்துனோம். எல்லாம் ஒண்ணா நிறுத்திட்டு, இதான்னு எப்படித் தம்பி சொல்றது? டாக்டர் சொன்னதுதான் சரியா இருக்கும். இருந்தாலும் சந்தேகம் தீந்துருச்சுன்னா அப்புறம் புள்ளையப் பாக்குறத விட்டுடுவோம்" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிருமியாகக்கூட இருந்திருக்கலாமோ என்று சில சமயம் நினைப்பேன், பிறகு டாக்டர் சொன்னதையே நம்புவேன்.

மெர்கோங் வீட்டில் பெட்டிக்குள் அவரைப் பார்த்தேன். கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. அப்போதுதான் நம்பினேன், அப்போதுதான் அழவும் வந்தது.

பாக்கியம் மகளோடு வந்திருந்தாள். அமுதாவுக்கு இப்போது வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வலிப்பு மாத்திரை இன்னும் சாப்பிடுகிறாள், வேறு மருந்து. இத்தனை ஆண்டும் எங்கே மிஸ்ஸியைக் கண்டாலும் அவள் வணக்கமோ குட் மார்னிங்கோ சொன்னதில்லை. வெளிச்சத்துப் பக்கம் திரும்பி நின்று, கீழ் இமையை இழுத்துக் காட்டுவாள். மிஸ்ஸி பார்த்துவிட்டு, "ம், சரி" என்பார். அதன் பிறகுதான் பேச்சு.

அன்றும் அவள் பெட்டியருகே குனிந்தாள். அழுது சிவந்த கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துக்கொண்டு, மூடியிருந்த அந்தக் கண்களுக்கு நேராகக் கொஞ்ச நேரம் நின்றாள். பதில் வரவில்லை. அறையில் இருந்தவர்களுக்கு அவள் என்ன செய்கிறாள் என்று புரியவில்லை. பாக்கியம் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பிறகு அமுதா நிமிர்ந்து என்னைத் தேடினாள். நான் வாசலருகே நின்றிருந்தேன். நேரே வந்து, வாசல் வெளிச்சத்தில் முகத்தை உயர்த்தி, இமையை இழுத்துப் பிடித்தாள். நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒருமுறை பார்த்தது போதவில்லை, இந்தப் பக்கம் திரும்பச் சொல்லி இன்னொரு முறை பார்த்தேன்.

"ம், சரி" என்றேன்.

மிஸ்ஸியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த வேலைதான்.